தேவசகாயம் அண்ட் சன் காலாவதியான கதை

கம்ப்யூட்டர் படித்த ஆள் ஒரே ஒருவர் இருக்கிற வீடு ஆபத்தான வீடு. அவர் சொல்வது சரியா தப்பா என்று பார்க்க அங்கே வேறு யாரும் இருக்கமாட்டார்கள். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், ஆம்பூரில் எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்தான். என்னிடம் ஆறு மாத டிப்ளமோ ஒன்று இருந்தது. அதை லேமினேட் செய்து ஹாலில் இயேசு படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தேன் (அவருக்குக் கொஞ்சம் கீழேதான், அந்த மரியாதை எல்லாம் தெரியும்).

அப்பா தேவசகாயம் முதலில் தோல் மண்டியில் மற்றவர்களுக்காகப் பதனிடாத பச்சைத் தோல் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு ஷூவின் மேல்பாகம் தைக்கிற சின்ன யூனிட் ஒன்றை ஆரம்பித்தார். பெரிய கம்பெனிகள் கொடுக்கும் கூலி வேலைதான். போர்டில் ‘தேவசகாயம் அண்ட் சன்’ என்று எழுதியிருந்தது. சன் என்பது என் அண்ணன் டேனி. சம்பளக் கவர் போடுவது, சரக்கு எண்ணி அனுப்புவது, தையல்காரப் பெண்களின் சண்டையைத் தீர்த்து வைப்பது எல்லாம் நான். ஆனால் மகள் என்று ஒருத்தி இருக்கிற விஷயம் போர்டுக்குத் தெரியாது.

வெப்சைட் வைத்தால் வெளிநாட்டுக்காரன் நேராக நமக்கே ஆர்டர் கொடுப்பான் என்று அண்ணன்தான் ஆரம்பித்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரௌசிங் சென்டர் வைத்திருந்த ஷஃபி பாய் மூலமாக, போர்டில் இருந்த அதே பெயரில் ஒரு டாட் காம் பதிவு செய்தார்கள். அதோடு ஆபீசுக்கு ஒரு மெயில் முகவரியும் வந்தது. முதல் பக்கத்தில் ஒரு ஷூ சுற்றிக்கொண்டே இருக்கும். அடியில், இதுவரை எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்ற எண் ஓடும். எந்த வெளிநாட்டுக்காரனும் வரவில்லை. ஆனாலும் எண் ஏறிக்கொண்டே இருந்தது. ஷூ இன்னும் சுற்றுகிறதா என்று தினமும் போய்ப் பார்த்தவள் நான்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன், எங்கள் யூனிட்டிலேயே தைத்துக்கொண்டிருந்த கலாவைக் கட்டிக்கொள்வேன் என்றான். அணைக்கட்டுப் பக்கம் விவசாயக் குடும்பம், இந்துக்கள். சர்ச்சில் நடக்காத கல்யாணம் கல்யாணமே இல்லை என்றார் அப்பா. அம்மா இருந்திருந்தால் நடுவில் புகுந்து ஏதாவது செய்திருப்பார். அம்மா அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார். ஊரில் நான் பெரிய வாயாடி. வாயைத் திறக்கவேண்டிய அன்றைக்கு மட்டும் அப்பா பக்கம் நின்று அண்ணனைத் திட்டினேன். அவர்கள் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணத்தை முடித்துக்கொண்டு மஸ்கட்டுக்குப் போய்விட்டார்கள்.

அங்கிருந்து இரண்டு தடவை போன் வந்தது. அப்பா ரிசீவரை எடுத்தார், குரலைக் கேட்டார், திரும்ப வைக்காமல் மேஜை மேல் படுக்கவைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். அண்ணன் கொஞ்ச நேரம் எங்கள் மேஜையிடம் ‘அப்பா, அப்பா’ என்று பேசிக்கொண்டிருந்தான். அப்புறம் போன் வருவது நின்றுபோனது.

இரண்டு வருடத்தில் அப்பாவின் கோபம் கரைந்துவிட்டது. ஆனால் அதை வெளியே காட்ட அவருக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. அம்மாவின் சித்தப்பா மகன் ஸ்டீபன் மாமா மஸ்கட்டில் வேலை பார்த்தார். லீவில் வந்தவரிடம் அப்பா ஒரு செய்தி சொல்லி அனுப்பினார். அப்பாவுக்கு வாய் வார்த்தையில் நம்பிக்கை கிடையாது. ஒரு கம்பெனி மேனேஜர் போனில் கறுப்பு என்று சொல்லி, தைத்து முடித்த பிறகு நான் பிரவுன்தானே சொன்னேன் என்று மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பியதிலிருந்து, எதுவானாலும் எழுத்தில் வரவேண்டும் என்பது யூனிட்டின் சட்டம். மகனுக்கும் அதே சட்டம்தான்.

“போன்ல ஆயிரம் பேசலாம் ஸ்டீபனு. மனசுல இருக்கறத எழுத்துல போடச் சொல்லு. ஆபீஸ் மெயிலுக்குப் போடட்டும். நான் பதில் போடறேன்.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டீபன் மாமா மஸ்கட் போய்ச் சேர்ந்து, ‘சொல்லிட்டேன், போடறேன்னான்’ என்று போன் செய்தார். அதோடு அவருடைய கான்ட்ராக்ட் முடிந்து வேறு நாட்டுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அப்பா சாயங்காலம் யூனிட்டைப் பூட்டுவதற்கு முன்னால் என் கம்ப்யூட்டர் பக்கம் வந்து நிற்பார். “வந்துச்சா?” என்பார். எது என்று சொல்லமாட்டார். நானும் கேட்கமாட்டேன். “இல்லப்பா, ஸ்பேம்தான்” என்பேன். ஸ்பேம் என்றால் என்ன என்று ஒருநாள் கேட்டார். முன்பின் தெரியாதவர்கள் எல்லோருக்கும் அனுப்புவது என்று விளக்கினேன். “இவனுங்களாவது நம்மள ஞாபகம் வெச்சிருக்கானுங்களே” என்றார்.

அப்படி எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் ஒரு காலை ஷூ சுற்றவில்லை. பக்கமே வரவில்லை. மெயில் பெட்டியும் திறக்கவில்லை. டிப்ளமோவில் சொல்லிக் கொடுத்தபடி கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். (எல்லாப் பிரச்சினைக்கும் அங்கே அந்த ஒரு வைத்தியம்தான்.) பிறகு ஷஃபி பாயிடம் ஓடினேன்.

ஷஃபி பாய் சென்னையில் பெயர் விற்கிற கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு எனக்கு விளக்கினார். இந்தப் பெயர்களை யாரும் சொந்தமாக வாங்க முடியாது, வருடக் கணக்கில் எடுத்து அவ்வப்போது புதுப்பிக்கவேண்டும். எங்கள் பெயரை அண்ணன் தன் பேரில் எடுத்திருந்தான். நோட்டீஸ் எல்லாம் அவனுடைய பழைய இலவச மெயிலுக்குப் போயிருக்கிறது. அதை அவன் திறந்து எத்தனை காலம் ஆனதோ. கெடு முடிந்து, சலுகை நாட்களும் முடிந்து, பெயர் இப்போது மீட்புக் காலத்தில் இருக்கிறது. பெரிய அபராதம் கட்டினால் உடனே திரும்பக் கிடைக்கும். கட்டாவிட்டால் ஒரு மாதம் பார்ப்பார்கள். அதற்கு மேல் ஐந்து நாள் யாரும் தொடமுடியாதபடி பூட்டி வைப்பார்கள். பிறகு அழித்துவிட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிடுவார்கள். அப்போது வழக்கமான விலைதான், அபராதம் கிடையாது.

“ஆனா ஒண்ணும்மா. நடுவுல எவனாவது தூக்கிட்டா பேஜாரு. கட்டிடுங்க” என்றார் ஷஃபி பாய்.

நான் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேஜார் என்ற பகுதியைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன். அப்பா அதை மண்டிக்காரர் காதால்தான் கேட்டார். மண்டியில் காலையில் தோல் வாங்குகிறவன் அவசரக்காரன். பச்சைத் தோலை விற்கிறவன் திரும்ப ஊருக்கு எடுத்துப்போக முடியாது, வெயில் ஏற ஏற அது கெட ஆரம்பிக்கும். சாயங்காலம் வரைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவனே வந்து விலையை இறக்குவான். அப்பா வாழ்க்கையில் வாங்கிய நல்ல சரக்கெல்லாம் சாயங்காலம் வாங்கியதுதான்.

“டெலீட் பண்ணப் போறான்னா அவனுக்கே அது வேணாம்னுதான அர்த்தம்? அப்புறம் இன்னாத்துக்கு அபராதம்?” என்றார். பிறகு, போகிற போக்கில் கேட்கிற மாதிரி, “அதுக்குள்ள மெயில் ஏதாவது வந்தா இன்னா ஆவும்?” என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த நான்கு எழுத்தைச் சொல்ல லேமினேட் செய்த டிப்ளமோ விடவில்லை. “போஸ்ட் ஆபீஸ் மாதிரிதான்பா. கியூவுல நிக்கும். பேரு திரும்பி வந்ததும் எல்லாம் ஒண்ணா வந்து விழும்” என்றேன். அவ்வளவு தன்னம்பிக்கையோடு நான் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. அப்பா நிம்மதியாகத் தலையாட்டினார்.

வேறு யாராவது எடுத்துக்கொள்வார்களே என்ற பயம் எங்கள் இருவருக்குமே வரவில்லை. அதற்கு எங்கள் சர்ச்தான் காரணம். அறுப்பின் பண்டிகை அன்று வீட்டுக்கு வீடு காய், பழம், கோழி என்று கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆராதனை முடிந்து அவற்றை ஏலம் விடுவார்கள். வருடா வருடம் ஏலம் போடுகிறவர் அப்பாதான். மற்ற பொருளுக்கெல்லாம் சபையார் அடித்துக்கொள்வார்கள். ஆனால் ஒரு வீட்டுப் பொருளை அந்த வீட்டுக்காரரே கேட்டால் எதிர்க்குரல் வராது. எல்லோரும் சிரித்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வார்கள், அப்பா அவசரமாக மூன்று தடவை சொல்லி முடித்துவிடுவார். தேவசகாயம் என்ற பெயரைத் தேவசகாயம் கேட்கும்போது எதிர்த்துக் கேட்கிறவன் உலகத்தில் இருப்பான் என்று நாங்கள் எப்படி நினைப்போம்?

பெயர் விடுதலையாகிற நாள் அந்த வருட அறுப்பின் பண்டிகை ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை எந்த ஆபீஸ் திறந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். (அமெரிக்காவில் ஒருவர் பத்து மணிக்கு வந்து ஷட்டரைத் தூக்குவார் என்பது என் எண்ணம்.) அன்று எங்கள் வீட்டு வாழைத்தாரை நானே கேட்டேன். ஒருவரும் எதிர்க்கவில்லை. அப்பா மூன்று தடவை சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அப்பா கண்ணடித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

மறுநாள் ஷஃபி பாய் கடை திறப்பதற்கு முன்பே போய் வாசலில் நின்றேன், ரேஷன் கடையில் முதல் ஆளாக நிற்கிற மாதிரி. எனக்குப் பின்னால் யாருமில்லை. முன்னாலும் யாருமில்லை. உள்ளே போய் உட்கார்ந்து பெயரை அடித்தோம். வேறொருவர் பதிவு செய்துவிட்டார் என்று வந்தது. எழுத்துப் பிழை என்று நினைத்து மறுபடி அடித்தோம். பதிவு செய்தவர் எங்கோ கடல் கடந்த கம்பெனி. திறந்துவிட்ட அந்த நொடியிலேயே எடுத்திருக்கிறார்கள். இதற்கென்றே மெஷின்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டாம். ஏற்கெனவே ஆட்கள் வந்துபோகிற பெயராகப் பார்த்துப் பிடிப்பார்களாம். எங்கள் பெயருக்கு வந்துபோன ஆள் நான்தான். தினமும் ஷூ பார்க்கப் போய்ப் போய், இதில் ஏதோ இருக்கிறது என்று அவர்களுக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறேன்.

இதை நானும் அப்பாவும் ரகசியமாகவே வைத்திருந்திருப்போம். ஆனால் பண்டிகை மலரில் யூனிட்டின் விளம்பரம் முழுப்பக்கத்துக்கு வந்திருந்தது. சபை மக்கள் வருகை தரும்படி அன்புடன் அழைத்து, வெப்சைட் பெயரைப் பெரிய எழுத்தில் நானே போடச் சொல்லியிருந்தேன். அந்த வாரத்திலேயே ஆயர், புதிதாக வாங்கிய சர்ச் கம்ப்யூட்டரில் அன்போடு வருகை தந்திருக்கிறார். சுற்றுகிற ஷூ இருந்த இடத்தில் சீட்டாட்ட விளம்பரம் ஓடியது. ரொம்பக் கம்மியாகத் துணி உடுத்திய ஒரு பெண் கையில் சீட்டுக்கட்டோடு கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பா சர்ச்சிலிருந்து திரும்பி வந்து சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்தார். “அந்தப் பொம்பள யாருன்னு ஆயர் கேக்கறாரு” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு, “அப்ப மெயிலு?” என்றார்.

மெயில் கியூவில் நிற்காது என்பதை ஷஃபி பாய் அதற்குள் எனக்குச் சொல்லியிருந்தார். பெயர் இல்லாவிட்டால் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். அப்பாவிடம் அதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “இன்னும் எழுதியிருக்க மாட்டான். அவனும் என்ன மாதிரிதான், லேட்டாத்தான் எறங்கி வருவான்” என்றார்.

ஊர்ப் பெயரைச் சேர்த்துப் புதிதாக ஒரு டாட் காம் எடுத்தேன். அதை அப்பா திரையில் எழுத்துக் கூட்டிப் படித்தார். “இதுல சன்னு இல்லியா?” என்றார். அது பழைய பெயரோடு போய்விட்டது என்றேன். புது முகவரியை அண்ணனுக்குத் தெரிவிக்க என்னிடம் இருந்தது ஒரே வழி, அவனுடைய பழைய இலவச மெயில். நோட்டீஸ்கள் எல்லாம் போய் விழுந்த அதே கிணற்றில் நானும் ஒரு கடிதத்தைப் போட்டேன். மஸ்கட் நம்பர் யாரிடமாவது கேட்டுப் பார்க்கட்டுமா என்று அப்பாவிடம் ஒரு தடவை கேட்டேன். “சொல்லி அனுப்பியாச்சு. இனிமே அவனா எழுதணும்” என்றார். நான் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

அதற்குப் பிறகும் மூன்று வருடம் அப்பா சாயங்காலம் வந்து நின்றார். “வந்துச்சா?” “ஸ்பேம்தான்பா.” இது வீட்டில் ஒரு வேடிக்கை மாதிரியே ஆகிவிட்டது. பால்காரரைப் பற்றிக் கேட்டாலும், கரண்டைப் பற்றிக் கேட்டாலும் ஸ்பேம்தான் என்று பதில் சொல்லிக்கொள்வோம். யூனிட் பெண்களுக்கும் தொற்றிக்கொண்டது. கல்யாணம் ஆன பிறகும் நான் யூனிட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்ததற்குச் சம்பளக் கவர் காரணம் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அங்கே வேறு ஆள் கிடையாது.

அப்பா ஒரு மத்தியானம் மெஷின் ஹாலில், ஒரு ஷூ மேல்பாகத்தைத் திருப்பித் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. ஸ்டீபன் மாமா எங்கெங்கோ விசாரித்து மஸ்கட்டுக்குத் தகவல் சொன்னார். அண்ணன் கலா அண்ணியோடும் மூன்று வயதுப் பெண் குழந்தையோடும் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

அவர்களைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்த் திரும்பி வந்து உட்கார்ந்ததும் எனக்குள்ளே அத்தனை வருடமாக ஊறிக்கிடந்தது வெளியே வந்துவிட்டது. ஒரே ஒரு வரி எழுத உனக்குக் கை வரவில்லையா என்று கேட்டேன். தினமும் கேட்டார் அண்ணா, தினமும் வந்து நின்று கேட்டார் என்று கத்தினேன்.

அண்ணன் கத்தவில்லை. “எழுதினேன் எஸ்தரு” என்றான். “பாப்பா பொறந்த அன்னிக்கே எழுதினேன். திரும்பி வந்துடுச்சி. மறுபடியும் எழுதினேன், அதுவும் திரும்பி வந்துடுச்சி. அப்புறம் சைட்டைத் தொறந்து பாத்தேன். எவளோ சீட்டாடறா. அப்பா யூனிட்டையே வித்துட்டாரு, நாம எழுதக்கூடாதுன்னு அட்ரஸையும் மூடிட்டாருன்னு நெனச்சிக்கினேன்.”

“இன்னா எழுதின?”

“பொண்ணு பொறந்திருக்குது, பேரு நீங்கதான் வெக்கணும்னு.”

பாப்பாவுக்கு அவர்களே சுசீலா என்று வைத்துக்கொண்டிருந்தார்கள். அது எங்கள் அம்மாவின் பெயர். அப்பாவைக் கேட்டிருந்தாலும் வேறு எந்தப் பெயரும் சொல்லியிருக்கமாட்டார். அன்று இரவு நானும் அண்ணனும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தோம். ஹாலில் இருந்த டிப்ளமோவைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் போட்டேன். எடுத்த இடத்தில் சுவர் வெள்ளையாகத் தெரிந்தது.

இதெல்லாம் நடந்து பல வருடம் ஆகிறது. பெயர் விஷயத்தில் மட்டும் நான் விடவில்லை. அந்தச் சீட்டாட்டக் கம்பெனி வருடா வருடம் புதுப்பிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வருடம் அவர்களும் விட்டுவிட்டார்கள். மீட்புக் காலம் முடிந்தது, ஐந்து நாள் பூட்டு முடிந்தது. இந்தத் தடவை, திறக்கிற நொடியில் பிடித்துக் கொடுக்கிற கம்பெனி ஒன்றிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். தேவையே இருக்கவில்லை. எதிர்த்துக் கேட்க ஒருவரும் வரவில்லை. புதுப் பெயர் என்ன விலையோ அதே விலைக்குக் கிடைத்தது. அப்பா சொன்னது சரிதான். சாயங்காலம் ஆவதற்குத்தான் கொஞ்சம் அதிக நேரம் ஆகிவிட்டது.

சுசீலாவுக்கு இப்போது காலேஜ் வயது. மஸ்கட்டிலிருந்து அவர்கள் லீவில் வந்திருக்கும்போது நான் கடையில் புடவையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தள்ளுபடி வரட்டும் என்று திரும்பினால், “டெலீட் ஆவட்டும்னு பாக்கறீங்களா அத்தை?” என்பாள். வீட்டில் யார் எதைத் தள்ளிப்போட்டாலும் இந்த ஒரு கேள்விதான் வரும். எல்லோரும் சிரிப்போம், அண்ணனும் சேர்ந்து சிரிப்பான்.

பெயர் கைக்கு வந்த அன்று ஆபீஸ் மெயில் பெட்டியை அதே பழைய முகவரியில் திறந்து வைத்தேன். மஸ்கட்டுக்குப் போன் போட்டு அண்ணனிடம் சொன்னேன். அந்தப் பழைய கடிதத்தை எங்கேயோ வைத்திருந்திருக்கிறான் போல. லைனில் இரு என்றான். கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. நான் யூனிட்டில், அப்பா வந்து நிற்கிற இடத்துக்கு முன்னால் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வந்துச்சா?” என்றான் அண்ணன்.

“வந்துச்சி” என்றேன். பிறகு அதை அப்பாவுக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னேன்.